கேக்குக்கு முன்னால் போன ஹார்ன்

காய்ச்சல் வந்த மனிதர்களை விட்டுவிட்டுக் கார்களுக்கு மட்டும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஊரப்பாக்கத்தில் எங்கள் பழைய தெருவில், கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டில் இருந்தார். நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் அந்தத் தெருவின் பதினோரு கார்க்காரர்களையும் கேட்டுப் பார்க்கலாம். தங்கள் காரில் ஏசிக் காற்று எத்தனை டிகிரியில் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் நிச்சயம் இருந்திருக்கும். தெரு ‘தெர்மாமீட்டர்’ என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில், ஒரு சாண் நீள எஃகு ஊசியும் வட்ட முகமுமாக அந்தக் கருவி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறந்தது படாளம் பக்கம், விவசாயக் குடும்பம். வேலை பார்த்தது கோவளத்துக்கு அருகே, மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் ஆலையில். அங்கே இயந்திரங்களோடு பல வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவருக்கு, சூடு என்பது பருவநிலை அல்ல, சொந்தப் பகையாளி.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கு ஏசி ஆகாது. “தும்மல் வரும் சார்” என்பார். அவருடைய வாகனம் ஒரு மொபெட். அதில் பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஹார்னை, தனி பேட்டரியோடு பொருத்தியிருந்தார். காலையில் பால் வாங்கக் கிளம்பி அவர் ஒரு தடவை அடித்தால் தெருவில் இரண்டு குழந்தைகள் அழும், ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து “மூட்டை இறக்கியாச்சா?” என்று கேட்பார்.

ஏசி வைத்தியத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் விசாரணை. எப்போதிலிருந்து, எங்கே, அப்போது வண்டி நின்றுகொண்டிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா. அடுத்து ஊசியைக் காற்று வரும் துவாரத்தில் செருகிவிட்டு, வாட்டர் கேன் மேல் உட்கார்ந்து காத்திருப்பார். பிறகு காது. ஏசி பித்தானை அழுத்தினால் என்ஜின் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். கம்ப்ரசர் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். “டக்கு வந்தா உசுரு கீது. டக்கு இல்லன்னா அப்பால பாத்துக்கலாம்.” கேஸ் போகும் குழாயை மட்டும் அவர் தொட மாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார். “அத்த தொறந்தா கண்ணு பூடும். அதுக்கு மிசினு வெச்சிகினு கீறவன்கிட்ட போ.”

ஒரு தடவை ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஏசியைப் போட்டால் பிணவாடை வருகிறது என்று அழாத குறையாக வந்து நின்றாள். கம்பெனி சர்வீஸில் ஏதோ பெரிய பாகத்தை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். தெர்மாமீட்டர் காருக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்தார்.

“கோவளம் போனியாம்மா?”

“ஆமாம். போன மாசம்.”

“கருவாடு வாங்கினியா?”

அவள் யோசித்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து அவர் ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். “இந்தா. இது ஏசி நோவு இல்ல, நெத்திலி நோவு.”

அப்படிப்பட்டவரிடம் நான் போய் நின்றது மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, பகல் ஒன்றே காலுக்கு. கத்திரி வெயில்.

காரணம் கேக். என் மனைவி சுமதி வீட்டில் கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். தெருக் குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அந்த மே மாதம்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது: மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் அறுபதாம் கல்யாணம், நான்கு அடுக்கு பட்டர்க்ரீம் கேக், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேஜையில் நிற்க வேண்டும். இது சரியாகப் போனால் விடுதியின் எல்லா விசேஷத்துக்கும் அவளிடமே வாங்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சுமதி சொன்னாள். “வெண்ணெய் இருபத்தஞ்சு டிகிரியில தளரும். முப்பதுல வழியும். அறுபது வயசு தம்பதி முன்னாடி என் கேக் உட்கார்ந்துதுன்னா, அதோட அடுப்பை அணைச்சுடுவேன்.”

சனிக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் கேக் அட்டையும் பெரிய பெட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மறைமலைநகர் சிக்னலில், பதினொன்று நாற்பதுக்கு, ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. முதலில் என் பதற்றம் என்றே நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தேன். பதற்றத்துக்கு அவ்வளவு காற்றோட்டம் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்யச் சொன்னார்கள். வாடகைக் காருக்கு முயன்றோம். வந்த டிரைவர் பெட்டியின் அளவைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார், “ஏசி வேற போடணுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். மிச்சம் இருந்தது தெர்மாமீட்டர்.

விசாரணை தொடங்கியது. நாள் தவறாமல் எழுதும் என் டைரியைப் பிரித்துக்கொண்டேன். ஏசி எங்கே நின்றது, கடைசியாகக் காற்று வடிகட்டியை எப்போது மாற்றினோம், போன கோடையில் கேஸ் நிரப்பியது எந்தக் கிழமை, எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் வாட்டர் கேனிலிருந்து எழுந்துவிட்டார்.

“யம்மா, இன்னா மனுசன் இவரு! இத்தினி வருசத்துல நான் கேட்டதுக்கு ஒருத்தன் ஒயுங்கா பதில் சொன்னதில்ல. பேசண்டுன்னா இப்டி இருக்கணும்.”

“அண்ணே, பேஷண்ட் அவர் இல்லை. வண்டி” என்றாள் சுமதி.

அவர் காதை வைத்தார். நான் பித்தானை அழுத்தினேன். “டக்கு கேட்டுச்சி” என்றார். அப்படியென்றால் கம்ப்ரசர் உயிரோடிருக்கிறது, கேஸ்தான் போய்விட்டது. நான் தினமும் நெம்மேலிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவன். “டெய்லி உப்புக் காத்துல வுட்டு எடுக்கிற. கண்டென்சரை துன்னுட்டுகீது” என்று முடிவு சொன்னார். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் அந்தக் கம்பிப் பலகையிலும் இணைப்புகளிலும் ஷாம்பு நுரையைத் தூரிகையால் பூசினார். கேஸ் கசிந்தால் குமிழ் வருமாம். சாயங்காலம் ஆறு மணி வரை நானும் அவரும் சுமதியும் நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கார் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. குமிழ் ஒன்றுகூட வரவில்லை.

“கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருக்கும்” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. கேஸ் என்றால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. சுமதி உள்ளே போய், குளிர்பெட்டியில் இருந்த நான்கு அடுக்குகளையும் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து பார்த்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரே வந்தார். வாசலில் நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“சார், நேத்து நான் சொன்னது தப்பு. அந்த டக்கு வண்டி டக்கு இல்ல.”

“பின்னே?”

“உங்க மாடி வூட்ல கேரம் ஆடிகினு இருந்தானுங்க. காயி உழுந்த டக்கு.”

தன் தவறை இவ்வளவு சத்தமாக ஒப்புக்கொண்ட நிபுணரை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை. பரிகாரமும் அதே அளவில் இருந்தது: மறுபரிசோதனைக்குத் தெரு மொத்தமும் அமைதியாக இருக்க வேண்டும். மாடியில் கேரம் பலகை கவிழ்த்து வைக்கப்பட்டது. எதிர்வீட்டில் கறிக் குழம்புக் குக்கரை, நான்காவது விசிலுக்கு முன்னால், இறக்கி வைத்தார்கள். ஒலிபெருக்கியில் வெங்காயம் விற்றுக்கொண்டு வந்த வேனை முனையிலேயே மறித்தார்.

“நைனா, ஒரு ரெண்டு நிமிசம் கம்முனு இரு.”

“யாராவது பூட்டாங்களாண்ணா?” என்று கேட்டார் வெங்காயக்காரர், மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி.

“இன்னும் இல்ல. காது வெச்சிதான் பாக்கணும்.”

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் பித்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். எங்கோ ஒரு காகம்.

தெர்மாமீட்டர் முகம் மலர்ந்துவிட்டது. “சபாஷ்! டக்கு இல்ல!” நோயாளிக்கு நாடி இல்லை என்று கண்டுபிடித்து இத்தனை சந்தோஷப்பட்ட வைத்தியர் வேறு இருக்க முடியாது. “கேஸு கீது சார். கம்ப்ரசருக்கு உத்தரவுதான் போவல.”

பானெட்டுக்குள் ஓரமாக ஒரு கறுப்பு மூடி. அதற்குள் வரிசையாக ஃபியூஸ்களும், தீப்பெட்டியில் பாதி அளவுக்குச் சில சதுர டப்பாக்களும். நாம் சுவிட்சைப் போட்டால் உரிய பாகத்துக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது அந்த டப்பாதான், ரிலே என்பார்கள். ஏசியின் ரிலேயைப் பிடுங்கி முகர்ந்தார். “கருகிட்டுகீது.” பக்கத்திலிருந்து அதே அளவில் இன்னொன்றைப் பிடுங்கி அங்கே செருகினார். “இப்ப போடு.”

டக்.

தெருவே கேட்டது. வெங்காயக்காரர் கைதட்டினார். ஊசி துவாரத்துக்குள் போனது. முப்பத்தொன்பது. முப்பது. இருபத்திரண்டு. பதினொன்று. சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த உள்ளே ஓடினாள். எதிர்வீட்டுக் குக்கர் மறுபடி அடுப்பில் ஏறியது.

இரண்டரை மணிக்குப் பின்சீட்டை மடக்கி, பெட்டியை ஏற்றி, பக்கத்தில் சுமதி அமர்ந்து ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது. ஹார்னை அழுத்தினேன். நாய் எழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். ஹார்ன் அடிக்கவே இல்லை.

தெர்மாமீட்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அய்ய, அத்த சொல்ல மறந்தே பூட்டேன். ஏசிக்குப் போட்டது ஹார்ன் ரிலே சார்.”

“வேற ரிலே இல்லையா?”

“ரேடியேட்டர் ஃபேனுது கீது. அத்த எடுத்தா என்ஜின் வெந்துடும். மத்ததெல்லாம் அளவு வேற. நாயித்துக்கெழம, கடையும் இல்ல. உன்னிது மாதிரி வண்டி தெருவுல ஒண்ணு கீது, அவரு திருநெல்வேலி பூட்டாரு.”

என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியைத் தாண்டும்போதும் ஹார்ன் அடிக்கிறவன் நான். கேளம்பாக்கம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், ஞாயிற்றுக்கிழமை, ஹார்ன் இல்லாமல், பின்னால் நான்கு அடுக்கு வெண்ணெயோடு! ஒரு திடீர் பிரேக் போதும், மேல் அடுக்கு என் கழுத்துக்கு வந்துவிடும். ஏசியைக் கொடுத்துவிட்டு ஹார்னை வாங்கினால் கேக் வழியும். ஹார்னைக் கொடுத்துவிட்டு ஏசியை வைத்துக்கொண்டால் கேக் சரியும்.

“போகலாமா வேண்டாமா, ஒண்ணு சொல்லுங்க” என்றாள் சுமதி. நான் ஹார்னை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

தெர்மாமீட்டர் தன் வீட்டுக்குப் போனார். ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மொபெட்டை உருட்டி வந்தார். சட்டைப் பையிலிருந்த கருவியை எடுத்து ஜன்னல் வழியாகச் சுமதியிடம் கொடுத்தார். அந்தப் பையைக் காலியாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பொட்டி பக்கத்துல வெச்சிக்கம்மா. கண்ணாடிய எறக்காதீங்க. சார், நான் மின்ன போறேன். உனக்கு ஹார்ன் வோணும்னா லைட்ட ஒரு தபா அடி. நான் கண்ணாடில பாத்து அடிக்கிறேன்.”

“இந்த வெயில்லயா அண்ணே?” என்றாள் சுமதி.

“ஐஸ் பேக்டரில இருந்தவன்மா நானு. சேத்து வெச்சிகீறேன்.”

அப்படித்தான் கிளம்பினோம். கார் இங்கே, அதன் ஹார்ன் இருபதடி முன்னால். நான் விளக்கை மினுக்குவேன். முன்னால் போகிற மொபெட் லாரியைப் போல முழங்கும். எதிரே வந்தவர்கள் லாரியைத் தேடினார்கள். கொளப்பாக்கம் தாண்டுவதற்குள் நான் நாற்பது தடவை மினுக்கியிருப்பேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி வந்து கண்ணாடியில் தட்டினார். விரல் அகலம் இறக்கினேன்.

“இன்னா சார், காலி ரோட்ல இன்னாத்துக்கு இத்தினி ஹார்னு?”

“பழக்கம்.”

“பேட்டரி தீந்துடும். மாடு, பஸ்ஸு, குடிகாரன். இந்த மூணுக்கு மட்டும் அடி.”

கேளம்பாக்கம் சந்திப்பில் மூன்றுக்கும் அவசியம் ஏற்பட்டது. நான் மினுக்கினேன், அவர் முழங்கினார், போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். மொபெட்டும் காரும் ஓரமாக நின்றன.

“இன்னா பெர்சு, மினிஸ்டரா வர்றாரு பின்னால?”

“கேக்கு சார். கேக்கு வருது.”

காவலர் என்னைக் கண்ணாடியை முழுதாக இறக்கச் சொன்னார். அனல் உள்ளே வந்தது. பின்னாலிருந்து சுமதி எண்ணத் தொடங்கினாள். “பத்தொம்பது. இருபது.”

“ஹார்ன் இல்லாம வண்டி ஓட்டலாமா சார்? படிச்சவர்தான நீங்க?”

“இருபத்திரண்டு” என்றாள் சுமதி, அழுகைக் குரலில்.

“யார் வயசும்மா சொல்றீங்க?”

“வெண்ணெய் சார்! இருபத்தஞ்சானா எல்லாம் போச்சு!”

காவலர் பெட்டியின் மேல்மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். சர்க்கரை ரோஜாக்களுக்கு நடுவே, வெள்ளி மாலையோடு ஒரு கிழவனும் கிழவியும் நின்றிருந்தார்கள். மூடிவிட்டார். “கண்ணாடிய ஏத்துங்க, ஏத்துங்க. நாளைக்கே ஹார்ன சரி பண்ணுங்க. பெர்சு, நீ இந்த லாரி ஹார்ன கயட்டல, மொபெட்டே ஸ்டேசனுக்கு வரும்.” சொல்லிவிட்டு, அவரே சந்திப்பின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி எங்களை அனுப்பினார்.

கோவளம் திரும்பி கடற்கரைச் சாலை. கேக்குக்காக நான் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. அவரும் அதே வேகத்தில் போக வேண்டியிருந்தது. மொபெட்டில் அந்த வேகத்துக்குக் காற்றுகூட வராது. தலையில் கட்டிய ஈரத் துண்டு திருவிடந்தையிலேயே காய்ந்து, நெம்மேலியில் முனை விறைத்து நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் மினுக்கும்போதெல்லாம் அந்த முதுகு நிமிர்ந்து, கை பித்தானுக்குப் போனது. பட்டிபுலம் அருகே பேட்டரி களைத்து, லாரி முழக்கம் எருமைக் கன்றின் குரலாக இறங்கியது. அதன் பிறகு அவர் கையையும் சேர்த்து ஆட்டி வழி கேட்டார்.

நான்கு முப்பத்தைந்துக்கு விடுதி. ஒரே ஒரு ரோஜா சாய்ந்திருந்தது. சுமதி அதை விரலால் நிமிர்த்தினாள். நான்கு பேர் சேர்ந்து கேக்கை மேஜைக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் இருக்கும்மா” என்றார். அதைக் கேட்டும் கேட்காததுமாகச் சுமதி வாசலுக்கு ஓடினாள்.

மொபெட்டை உள்ளே விட மாட்டோம் என்று காவலாளி சொல்லியிருந்ததால், தெர்மாமீட்டர் எதிர்ப்பக்கம் நுங்கு விற்பவரிடம் உட்கார்ந்திருந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நுங்கைத் தின்னாமல், நெற்றியில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார்.

“நிக்குதா?” என்றார்.

“நிக்குதுண்ணே.”

“நாலும்?”

“நாலும்.”

அப்புறம்தான் நுங்கைத் தின்றார். “போறப்ப வண்டியை இங்கே விட்டுட்டு எங்களோட கார்ல வாங்க” என்று கெஞ்சினோம். “ஏசியா? வோணாம்மா, தும்மல் வரும்” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் கிளம்பினார். பாதி பேட்டரிதான் இருந்தது. ஆனால் ஹார்ன் இல்லாத காரை அவர் தனியாக விடவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குப் புது ரிலே வந்தது. அவரே மாட்டினார். நான் ஹார்னை அழுத்திப் பார்த்தேன். அவருடையதோடு ஒப்பிட்டால் பூனை தும்மியது போலிருந்தது. சுமதி அவருக்காகவே செய்த சிறிய கேக்கைத் தட்டில் கொண்டுவந்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஒரு குத்து குத்திப் பாத்துக்கட்டுமா?” ஊசி கேக்கின் நடுவில் இறங்கியது. “பதினெட்டு. பாஸு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் என் டைரியில் இருக்கிறது. கிளம்பும் முன் நான் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்து கொடுத்தேன். சுமதி மடியில் வைத்து நிரப்பினாள். நேரம், இடம், காருக்குள் எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி. முதல் மூன்று வரிசையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன. நான்காவது காலி. தெர்மாமீட்டர் எங்களோடு உள்ளே இருந்தது. வெளியே அவர் மட்டும்தான் இருந்தார்.

வருஷக் கடைசியில் பழைய பக்கங்களைப் புரட்டி, விட்டுப்போனதை நிரப்பி வைப்பது என் வழக்கம். அந்த ஒரு வரிசையை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிடலாம்தான். அவர் பட்ட வெயிலை ஒரு டிகிரி குறைத்து எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.